இளையோர் பிணியும் வடிவமைப்புக் கலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் இன்னிசையும் நாடகமும் இருக்கும் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அவை பின்னர் வர இருக்கின்றன. அதற்கு முன் பிணியைப் பற்றிப் பேசுகின்றானே என்று யாரும் மனம் சலிக்கவேண்டா. பிணியைப் பற்றி மட்டும் நான் பேசப்போவதில்லை. பிணியோடு வாழும் பிள்ளைகளுக்குக் கைத்திறனும் கலைத்திறனும் எவ்வாறு உதவலாம் என்பதே என் பொருள். நம் காலனியில் படம் வரையும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். தையல் அறிந்த பெண்மணிகளும் பொறியியல் படிக்கும் மாணவரும் இருக்கின்றனர். அவர்கள் செவியில் இச்செய்தி விழவேண்டும் என்பது என் ஆசை.

நாம் குடியேறி வாழும் இந்த அகமதாபாத் நகரத்திற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961-இல் தேசிய வடிவமைப்புக் கழகம் இந்நகரில் தோன்றியது. பால்டியில் சபர்மதிக் கரையில் இருக்கும் அக்கழகத்தை நீங்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அந்த அறிக்கையில் ஈம்ஸ் தம்பதியர் வியந்து பாராட்டிய பொருள் எது தெரியுமா? வடநாட்டார் லோட்டா என்று சொல்லும் செம்பு! ஒரு செம்பைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் என்னென்ன கேள்விகள் கேட்கவேண்டும் என்று அவர்கள் அடுக்கிக் காட்டினர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும்? அதைத் தூக்கும் கை எத்தகையது? இடுப்பில் வைத்தாலும் தலையில் வைத்தாலும் எப்படி நிற்கும்? நீரை ஊற்றும்போது எப்படி விழும்? துலக்குவதற்கு எளிதாக இருக்குமா? என்ன விலை ஆகும்?

வடிவமைப்பு என்றால் அழகுபடுத்துவது என்று பலர் நினைக்கின்றனர். அழகும் அதில் ஒரு கூறுதான். ஆயினும் பயன்படுத்துவோர் யார், அவர்களுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்பதே அக்கலையின் வேர். இக்கேள்வியை ஒரு செம்புக்குக் கேட்கிறோம். ஒரு பிள்ளையின் உயிர் காக்கும் மருந்துக்குக் கேட்கிறோமா?

பிறப்பிலோ இளமையிலோ வந்து வாழ்நாள் முழுவதும் உடன்வரும் நோய்கள் சில உண்டு. முதல் வகை நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு, தலசீமியா, சிக்கிள் செல் சோகை என்பன அவற்றுட் சில. முதல் வகை நீரிழிவையே எடுத்துக்கொள்வோம். இது முதியோருக்கு வரும் சர்க்கரை நோய் அன்று. இனிப்பு மிகுதியாகத் தின்றதனாலும் வருவதன்று. உடலின் பாதுகாப்புப் படையே தவறிப்போய்க் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. பின்னர் இன்சுலினை வெளியிலிருந்து நாள்தோறும் செலுத்தினால்தான் உயிர் நிற்கும்.

1922-க்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து மாண்டனர். அவ்வாண்டு ஜனவரி மாதம் கனடா நாட்டு டொராண்டோ நகர மருத்துவமனையில் லியோனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினர். 11-ஆம் நாள் செலுத்திய மருந்து தூய்மையாக இல்லாமையால் பயன் தரவில்லை. அதைத் தூய்மை செய்து 23-ஆம் நாள் மீண்டும் செலுத்தியபோது அவன் பிழைத்தான். பின்னர் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலினின் முதற்பயனைப் பெற்றவனே ஒரு குமரப் பருவத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அதை உடலுக்குள் கொண்டு செல்லும் வழி கொடியதாக இருந்தது. கண்ணாடிச் சிரிஞ்சை நீரில் கொதிக்க வைக்கவேண்டும். பருத்த ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டவேண்டும். குப்பியிலிருந்து அளந்து எடுக்கவேண்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இவற்றை எங்கே எடுத்துச் செல்வது? எவர் கண்ணிலும் படாமல் எங்கே போட்டுக்கொள்வது? பல்லாண்டுகள் இந்த நிலை நீடித்தது. 1985-இல் டென்மார்க்கு நாட்டு நோவோ நிறுவனம் பவுண்டன் பேனாவைப் போன்ற ஒரு கருவியை வெளியிட்டது. உள்ளே இன்சுலின் அடைத்த சிறு குழல். முனையில் மெல்லிய ஊசி. அழுத்தினால் அளவாக மருந்து செல்லும். சட்டைப் பையில் செருகினால் மாணவனின் பேனாவாகவே தோன்றும். மருந்தின் தன்மையில் அக்கருவி எதையும் மாற்றவில்லை. அது மாற்றியது பிள்ளையின் நாளை! சாப்பாட்டு மணி அடித்தபின் தோழர்களோடு அமர்ந்து உண்ணும் உரிமையை அது அவனுக்கு மீட்டுத் தந்தது.

இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவராக ஜார்ஜ் மெய்ஸன் என்பவர் இருந்தார். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அக்காலத்தில் மருந்தைப் புகையாக்கி உள்ளிழுக்க, ரப்பர் உருண்டையைப் பிதுக்கும் கண்ணாடிக் கருவியைப் பயன்படுத்தினர். அஃது எளிதில் உடையும். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவாக மருந்து வரும். அச்சிறுமி தந்தையிடம் ஒரு கேள்வி கேட்டாள்: கூந்தலுக்குத் தெளிக்கும் வாசனைப் பொருள் டப்பாவில் வருகிறதே, என் மருந்து மட்டும் ஏன் அவ்வாறு வரக்கூடாது? தந்தை அதைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளிவிடவில்லை. தம் ஆய்வுக்கூடத்தாரிடம் ஒப்படைத்தார். வாசனைத் திரவியப் புட்டிகளுக்கென்று உருவான அளவு வால்வு ஒன்று அவர்களுக்குத் துணை ஆயிற்று. 1956-இல் அளவாகத் தெளிக்கும் இன்ஹேலர் கடைகளுக்கு வந்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பையில் வைத்திருக்கும் கருவி, ஒரு பள்ளிச் சிறுமியின் கேள்வியில் பிறந்தது!

அக்கேள்வி மருத்துவர் யாருக்கும் தோன்றவில்லையே, ஏன்? நாள்தோறும் அந்தக் கண்ணாடிக் கருவியோடு போராடியவள் அவள். துன்பம் யாருடையதோ அவரே அதன் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர். மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்த வள்ளுவர், நோயுற்றவனை முதலில் வைத்தார். மருத்துவனும் மருந்தும் பணிவிடை செய்வோனும் அவனுக்குப் பின்னர்தான் வருகின்றனர். இந்த வரிசையை வடிவமைப்போர் மறத்தல் ஆகாது. பெற்றோராகிய நாமும் மறத்தல் ஆகாது.

நிற்க. மருந்தும் இருக்கிறது, நல்ல கருவியும் இருக்கிறது. இனி என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். குறை இருக்கிறது. 13 முதல் 39 வயது வரையுள்ள 1,441 நீரிழிவு நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1993-இல் வெளியாயிற்று. இரத்தச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்திருந்தால், கண்ணின் விழித்திரைக்கு முதன்முதலாக வரும் கேடு 76 விழுக்காடு குறையும் என்று அது காட்டியது. ஆகவே ஒழுங்கு என்பது உயிர்நாடி. ஆனால் ஒழுங்கு தளரும் பருவமோ குமரப் பருவம்! உடல் வளரும்போது சுரக்கும் நீர்கள் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. பிள்ளை யாதொரு தவறும் செய்யாதபோதும் சர்க்கரை ஏறும். அதோடு, தோழர்களைப் போலவே தானும் இருக்கவேண்டும் என்ற வேட்கை அப்பருவத்திற்கு இயல்பு. எல்லாரும் பானிபூரி தின்னும்போது தான் மட்டும் விரலைக் குத்தி இரத்தம் பார்ப்பதா என்று அவன் உள்ளம் குமுறுகிறது.

அந்த நேரத்தில் வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? சர்க்கரை எழுதும் நோட்டை வாங்கிப் பார்த்து, மதிப்பெண் அட்டையைப் பார்ப்பது போல் முகம் சுளிக்கிறோம். எண் கூடினால் வசை, குறைந்தால் பாராட்டு. சில பிள்ளைகள் இறுதியில் நோட்டில் பொய் எண்களை எழுதத் தொடங்குகின்றனர். மருத்துவரும் அந்தப் பொய்யை நம்பி மருந்தை முடிவு செய்கிறார். பிள்ளையைப் பொய்யனென்று சொல்வதற்கு முன் அந்த நோட்டைச் சற்றே பாருங்கள்! பெயர், தேதி, கட்டம் கட்டமாக எண்கள். தேர்வுத்தாளின் சாயல் அதில் இருக்கிறது. சிவப்பு மையில் வட்டமிடும் வழக்கமும் சேர்ந்துவிட்டால் கேட்கவேண்டியதில்லை. அதே நோட்டில், அன்று என்ன விளையாடினாய், என்ன உண்டாய், உறக்கம் எப்படி என்று எழுத இடம் இருந்தால், எண் ஏறியதற்குக் காரணம் தேடும் துணையாக அது மாறும். காகிதத்தில் கோடு இழுப்பதும் வடிவமைப்பே. அக்கோட்டிலும் ஒரு பிள்ளையின் மனம் அகப்பட்டுக்கொள்ளலாம்.

டொராண்டோ நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் பின்னர் நடந்த ஒரு முயற்சி நமக்கு இருவகையிலும் பாடம் கற்பிக்கிறது. அங்கே 12 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கேட்டறிந்து, கைப்பேசிக்கான ஒரு செயலியை உருவாக்கினர். இன்சுலினைக் கண்டறிந்த பான்டிங் அவர்களின் பெயரைத் தழுவி அதற்கு 'பான்ட்' என்று பெயரிட்டனர். விரைவாக முடியவேண்டும், பிறர் அறியாமல் முடியவேண்டும் என்பன பிள்ளைகள் கேட்ட வரங்கள். சர்க்கரை பார்த்தால் பாட்டுகள் வாங்கப் பரிசுப் புள்ளிகளும் உண்டு. 2012-இல் வெளியான முதற் சோதனையில் 20 பிள்ளைகள் 12 வாரம் பயன்படுத்தினர். நாளொன்றுக்குச் சராசரி 2.4 முறை சர்க்கரை பார்த்தவர்கள் 3.6 முறை பார்த்தனர். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 92 பிள்ளைகளை வைத்து ஓராண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், செயலி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே சர்க்கரைக் கட்டுப்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? புதுமையும் பரிசும் சில வாரங்களுக்கு ஊக்கம் தரும். வாழ்நாள் முழுவதும் தூக்கிச் செல்லவேண்டிய சுமைக்கு அவை மட்டும் போதா. வீடும் பள்ளியும் தெருவும் மாறாதிருக்கும்போது ஒரு கருவி தனித்து நின்று எத்துணை தூரம் இழுக்கும்? ஆகவே வடிவமைப்பைப் பொருளோடு நிறுத்திக்கொள்ளாமல், சூழலுக்கும் விதிமுறைக்கும் கொண்டு செல்லவேண்டும்.

விதிமுறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. நீரிழிவுள்ள பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், சிந்தை மயங்கும்; உடனே இனிப்பு ஏதேனும் வாயில் போடவேண்டும். தேர்வு மண்டபத்தில் அவன் என்ன செய்வான்? 2017-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர் பொதுத்தேர்வு மண்டபத்திற்குச் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, சிறு தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கொண்டுவரலாம் என்று அறிவித்தது. 2023-இல் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புத் தேசிய ஆணையம், இத்தகைய பிள்ளைகள் வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் இடமளிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. ஒரு தாளில் அச்சிட்ட சில வரிகள். அவை எத்தனையோ தாய்மார்களின் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கின. சிக்கிள் செல் சோகை உள்ள பிள்ளை அடிக்கடி நீர் பருகவேண்டும்; ஆதலால் அடிக்கடி வெளியே செல்லவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் வகுப்பின் முன் நின்று அனுமதி கேட்க நாணி, நீர் பருகுவதையே குறைத்துக்கொள்ளும் பிள்ளையும் உண்டு. கையெழுத்திட்ட ஒரு சிறு அட்டையை மேசைமீது வைத்துவிட்டுச் செல்லலாம் என்ற ஏற்பாடு இருந்தால் போதும். அந்தத் தொல்லை தீரும்.

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் உரிய காரியங்கள் என்று யாரும் எண்ணவேண்டா. இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். இடையே ஒரு குடுவை இருந்தால் மருந்து நுரையீரலை நன்கு அடையும். இதனை ஸ்பேசர் என்பர். அதை வாங்க இயலாத ஏழைகள் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகர மருத்துவர்கள், 500 மில்லி லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குளிர்பானப் புட்டியின் அடியில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தி, இடுக்கை அடைத்துச் சோதித்தனர். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்தது என்று 1999-இல் வெளியிட்டனர். அதே சோதனையில் பஞ்சு போன்ற பிளாஸ்டிக் கோப்பை அவ்வளவு பயன் தரவில்லை. எளிய பொருளாயினும் சோதித்துப் பார்த்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நகரத்து வெயிலை நீங்கள் அறிவீர்கள். மே மாதத்தில் 40 பாகையை எளிதாகத் தாண்டும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்கவேண்டும்; உறைந்துவிட்டாலோ பயனற்றுப் போகும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் விடுதியிலும் மண்பானை கைகொடுக்கிறது. பெரிய பானைக்குள் சிறிய பானை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பினால், நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் தணிகிறது. குளிர்ப்பெட்டியின் குளிர் அதற்கு வராது. ஆயினும் பயன்பாட்டில் உள்ள மருந்தைக் கடும் வெயிலிலிருந்து காக்கும். இந்நகரின் வறண்ட கோடைக்கு இது பொருத்தமானது. மழைக்காலத்து ஈரக்காற்றில் இதன் ஆற்றல் குறையும். நம் பாட்டிமார் தண்ணீர்ப்பானைக்கு ஈரத்துணி சுற்றியது இதே அறிவினால் அன்றோ?

இனி, நம் சங்கம் செய்யக்கூடியது என்ன? மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒளித்துவைக்கும் வழக்கத்தை விடுவோம். பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் நாளை வரன் அமையாதே என்று அஞ்சி, அவள் நோயை அண்டை வீட்டாரும் அறியாமல் மறைக்கும் குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. அதற்குக் காரணமான சமூகமும் நாமே. ஆனால் விளையாட்டு விழாவில் அவள் மயங்கி விழுந்தால், வாயில் சர்க்கரை இடவேண்டுமா, மருத்துவமனைக்குத் தூக்கவேண்டுமா என்று அருகில் இருப்போர் அறியாமல் திகைப்பார்களே! மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, உடனே மருத்துவ உதவி தேடவேண்டும். நினைவோடு நடுங்குபவருக்கு உடனே இனிப்புத் தரவேண்டும். இந்த இரண்டு செய்திகளை நம் காலனியில் எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அண்டை வீட்டாரே உறவினர். அவர்களிடம் மறைத்தால் வேறு யாரிடம் சொல்லப்போகிறோம்?

இரண்டாவது, நம் இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி ஒரு சிறு குழு அமைக்கட்டும். நோயுள்ள பிள்ளை விரும்பினால், அவனை நடுவில் அமர்த்தி, காலை எழுந்தது முதல் உறங்கும் வரை அவன் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்கட்டும். எங்கே இடறுகிறது? எங்கே கூச்சம் வருகிறது? எதை மறக்கிறான்? அதன்பின் ஒரேயொரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அட்டையாலும் துணியாலும் ஒரு மாதிரி செய்து, அவனிடமே ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கட்டும். அவன் வேண்டாமென்றால் வருந்தாமல் மாற்றட்டும். பேனாப் பெட்டியோடு சேர்ந்துகொள்ளும் ஓர் உறை, தமிழிலும் குஜராத்தியிலும் எழுதிய ஓர் உதவி அட்டை, முகம் சுளிக்க வைக்காத ஒரு நோட்டு என எவ்வளவோ செய்யலாம். ஒரு வரம்பு மட்டும் மறக்கவேண்டா. மருந்தின் வகையும் அளவும் மருத்துவர் பொறுப்பு; அதில் நாம் கைவைக்கலாகாது. மருந்து சேரும் வழியைச் செம்மை செய்வதே நம் பணி.

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. பிள்ளை நோயைப் பற்றிக் கேள்வி கேட்டால், குறை சொன்னால், இது ஏன் இப்படி இருக்கிறது என்று சிணுங்கினால், அதைப் பிடிவாதமென்று அடக்காதீர்கள். இன்ஹேலரைப் பெற்றுத் தந்தது அத்தகைய ஒரு சிணுங்கல்தான். அமெரிக்காவில் டேனா லூயிஸ் என்ற பெண்மணி 14 வயதில் நீரிழிவு கண்டவர். சர்க்கரை இறங்குவதை அறிவிக்கும் கருவியின் ஒலி, உறக்கத்தில் இருந்து அவரை எழுப்பப் போதவில்லை. 2013-இல் அவர் அதைவிட உரத்து ஒலிக்கும் ஏற்பாட்டைத் தாமே செய்யத் தொடங்கினார். இன்சுலினைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவிமுறை ஒன்றில் அம்முயற்சி சென்று முடிந்தது. நாம் ஒவ்வொருவரும் அதைச் செய்ய இயலாது, செய்யவும் துணியவேண்டா. ஆனால், எனக்கு இது போதவில்லை என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தத் துணிவை நம் பிள்ளைகளுக்கும் தருவோம்.

வாழ்நாள் நோயை ஒழிக்கும் வல்லமை இன்று நம் கையில் இல்லை. நோயோடு வாழும் பிள்ளை நாணித் தலைகுனியாமல், தோழரோடு ஓடியாடி, தேர்வெழுதி, தன் காலில் நிற்கும் வகையில் அவனுடைய நாளைச் சீர்செய்யும் வல்லமை நம்மிடம் உண்டு. அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கும் காதும், கேட்டதைச் செய்து பார்க்கும் கையும் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் நம் இளைஞர்கள் தம் கைப்பட உருவாக்கிய பொருள்களை இம்மண்டபத்தின் ஒரு மேசையில் பரப்பிவைப்பார்கள் என்று நம்புகிறேன். அவற்றில் ஒன்றேனும் ஒரு பிள்ளைக்கு உதவினால், இன்று நீங்கள் பொறுமையோடு கேட்டதற்குப் பயன் விளைந்ததாகும்.